ஷஃபிளில் கேட்டுவிட்டு ‘இரண்டாம் பாதி தொய்வு’ என்று எழுதலாமா?

நள்ளிரவு_வானொலி:
பிடித்த ஆல்பங்களுக்கு ஒவ்வொன்றாகக் குறிப்பு எழுதுகிறேன். முதல் இரண்டு இதோ.
பீட்டில்ஸ், ‘ரப்பர் சோல்’ (1965): முதல் பாதி அபாரம், இரண்டாம் பாதி தொய்வு. குரல் சில இடத்தில் காணாமல் போகிறது.
மெட்டாலிகா, ‘டெத் மேக்னெட்டிக்’ (2008): பாட்டெல்லாம் பிரமாதம், ஆனால் பாதிக்குமேல் காது அசந்துவிடுகிறது.
கேட்டது போனில், ஒரு காதில் மட்டும் இயர்போன், ஷஃபிள், கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டு மங்கும்போதே அடுத்தது தொடங்குவது) 6 விநாடி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

வரிசைக்காரன்:
ஷஃபிளில் கேட்டவருக்கு இரண்டாம் பாதி எங்கிருந்து வந்தது தம்பி? அது செயலி குலுக்கிப் போட்ட பாதி.

முதலில் ஷஃபிளை நிறுத்துங்கள். கிராஸ்ஃபேடை 0-க்குக் கொண்டுவாருங்கள். 6 விநாடி என்றால் ஒவ்வொரு பாட்டின் வாலும் அடுத்த பாட்டின் தலையும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ‘நார்வீஜியன் வுட்’ 2 நிமிடம் சொச்சம்தான். முன்னால் 6, பின்னால் 6 போனால் பாட்டில் பத்தில் ஒரு பங்கு குழம்பிவிடுகிறது. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டதற்காக ஸ்பாடிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளை முதன்மைப் பொத்தானாக வைப்பதையே எடுத்துவிட்டது. வரிசையும் படைப்பில் சேர்த்திதான்.

காந்தநாடா:
வரிசையைச் சாமியாக்காதீர்கள். அதில் பாதி, தட்டின் கணக்கு.

12 அங்குல இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று. விளிம்பில் ஊசிக்கடியில் பள்ளம் விநாடிக்கு சுமார் 50 செ.மீ. ஓடுகிறது. லேபிளுக்குப் பக்கத்தில் அதுவே 21 செ.மீ. 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை வெளியே 50 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளத்தில் பதிகிறது, உள்ளே 21 மைக்ரானில் நெருக்கிக்கொள்கிறது. ஊசிமுனை அதற்குள் சரியாக இறங்காது, ‘ஸ்’ சத்தம் கரகரக்கும். அதனால்தான் பல ஆல்பங்களில் பக்கத்தின் கடைசிக்கு அமைதியான பாட்டு போகும், டமடமவென்று ஆரம்பிப்பது விளிம்புக்கு வரும். பக்கம் 22 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளத்தை நெருக்க வேண்டும், அதற்கு ஒலி அளவைக் குறைக்க வேண்டும். இந்தக் கட்டாயத்தில் பிறந்த வரிசையை போனிலும் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

தவிர, எந்த ‘ரப்பர் சோல்’? இங்கிலாந்தில் 14 பாட்டு. அமெரிக்காவில் கேப்பிட்டல் நிறுவனம் 4 பாட்டை உருவிவிட்டு, ‘ஹெல்ப்!’ ஆல்பத்திலிருந்து 2 பாட்டைச் சேர்த்து 12 ஆக்கியது. அங்கே ‘டிரைவ் மை கார்’ கிடையவே கிடையாது. அந்த அமெரிக்கத் தட்டைக் கேட்டுத்தான் பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் ‘பெட் சவுண்ட்ஸ்’ (1966) செய்யக் கிளம்பினார். கம்பெனி கலைத்த வரிசையே அந்த வேலை செய்திருக்கிறது.

வரிசைக்காரன்:
நீங்கள் எடுத்த சாட்சி எனக்காகப் பேசுகிறது. கேப்பிட்டல் என்ன செய்தது? ‘டிரைவ் மை கார்’ இருந்த இடத்தில் அக்கூஸ்டிக் கிதார் பாட்டான ‘ஐவ் ஜஸ்ட் சீன் எ ஃபேஸ்’-ஐ வைத்தது. ஆல்பம் மொத்தமும் ஃபோக் (நாட்டுப்புற) சாயலுக்குப் போய்விட்டது. எல்லாப் பாட்டும் ஒரே துணியில் நெய்தது மாதிரி இருக்கிறது என்றுதான் வில்சன் வியந்தார். முதல் பாட்டை மாற்றினால் ஆல்பத்தின் முகமே மாறுகிறது, அப்புறம் வரிசை முக்கியமில்லை என்றால் எப்படி?

காந்தநாடா:
வரிசை விளைவு உண்டாக்கும் என்பதை மறுக்கவில்லை. ஒரே ஒரு சரியான வரிசை இருக்கிறது என்பதைத்தான் மறுக்கிறேன். இவர் ஷஃபிளில் கேட்டதை ஷஃபிளில் கேட்டேன் என்றே எழுதிவிட்டார். இதைவிட நேர்மையான குறிப்பு வேண்டுமா?

டெசிபெல்:
நீங்கள் இருவரும் பீட்டில்ஸிலேயே நிற்கிறீர்கள். இரண்டாவது குறிப்பில் அவர் எழுதியது நூற்றுக்கு நூறு சரி. ‘டெத் மேக்னெட்டிக்’ சிடியில் ஒலி அளவை அத்தனை ஏற்றி அலையின் உச்சிகளை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள். அதே பாட்டுகள் ‘கிட்டார் ஹீரோ’ வீடியோ விளையாட்டில் வந்தபோது அந்த நசுக்கல் குறைவு, டிரம் அடி அடியாகவே கேட்டது. இரண்டையும் ஒப்பிட்டுத்தான் ரசிகர்கள் மனுவே போட்டார்கள். மேடு பள்ளம் இல்லாத ஒலியில் காதுக்கு ஓய்வெடுக்க இடமில்லை, அசரத்தான் செய்யும்.

செயலியில் ‘நார்மலைசேஷன்’ (பாட்டுகளின் சத்தத்தைச் சமன் செய்யும் வசதி) போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், ஆகாது. ஸ்பாடிஃபை வழக்கமாக மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ்-க்கு (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அலகு) இறக்கும். ஒட்டுமொத்த சத்தம் குறையும், வெட்டுப்பட்ட உச்சி திரும்பி வராது. ஆனால் ஷஃபிளால் இன்னொரு கெடுதல் உண்டு. ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் எல்லாப் பாட்டின் சத்தத்தையும் ஒரே அளவுதான் ஏற்றும் அல்லது இறக்கும். ஷஃபிளில் ஒவ்வொரு பாட்டும் தனித்தனியாகச் சமன்படும். அமைதியான பாட்டும் ஆர்ப்பாட்டமான பாட்டும் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். அப்போது எந்த ஆல்பமும் தொய்வுதான்.

ரீமாஸ்டர் (பழைய பதிவின் ஒலியைத் திருத்தி விடும் புதுப் பதிப்பு) பற்றி எழுத நினைத்தால் முதலில் சத்தத்தைச் சமன் செய்துகொள்ளுங்கள். 1 டெசிபெல் கூடுதலாக இருப்பதே ‘தெளிவாக’ இருப்பதுபோல் தோன்றும். ஃபூபார்2000 என்ற கணினிப் பிளேயரில் இரண்டு பதிப்பையும் ரீப்ளேகெய்னில் (சத்தத்தை அளந்து சமன் செய்யும் வசதி) ஸ்கேன் செய்து, ஏபிஎக்ஸ் சோதனையில், அதாவது பெயர் தெரியாமல் ஒலிக்கும் எக்ஸ் என்பது ஏ-யா பி-யா என்று காதால் மட்டும், 16 முறை கண்டுபிடியுங்கள். சரியான விடை 12-க்குக் கீழே வந்தால் வித்தியாசம் கேட்டது என்று எழுத வேண்டாம். குருட்டாம்போக்கில் 12 அல்லது அதற்குமேல் வர வாய்ப்பு 4 சதவீதம்கூட இல்லை.

காந்தநாடா:
ஏபிஎக்ஸில் பத்து விநாடித் துண்டை மாற்றி மாற்றிக் கேட்பீர்கள். ‘பாதிக்குமேல் அசதி’ என்பது முக்கால் மணி நேர விஷயம். அதை அந்த அளவுகோல் பிடிக்காது.

டெசிபெல்:
ஒப்புக்கொள்கிறேன். அசதிக்கு வேறு வழி: சத்தம் சமன் செய்த இரண்டு பதிப்பையும் வேறொருவரைக் கொண்டு பெயர் மாற்றி வைத்து, இருவேறு நாளில் முழுசாகக் கேட்க வேண்டும். ரீமாஸ்டர் தீர்ப்புக்கு மட்டும் ஏபிஎக்ஸ்.

வரிசைக்காரன்:
குரல் காணாமல் போவதற்கு யாரும் பதில் சொல்லவில்லையே. ஒற்றை இயர்போன்தான் காரணம். ‘ரப்பர் சோல்’ ஸ்டீரியோவில் பல பாட்டில் குரல் வலப்பக்கம், வாத்தியம் இடப்பக்கம். இடது காதில் மட்டும் மாட்டினால் கரோக்கிதான். இரண்டையும் மாட்டுங்கள். முடியாவிட்டால் போனின் அணுகல்தன்மை அமைப்பில் ‘மோனோ ஆடியோ’ (இரு பக்க ஒலியையும் ஒன்றாக்கித் தருவது) இருக்கும், அதைப் போடுங்கள். அதுவும் 1965-இன் மோனோ கலவை ஆகாது. அது தனியாகக் கலந்தது, குரலும் வாத்தியமும் வேறு அளவில் நிற்கும்.

நள்ளிரவு_வானொலி:
கிராஸ்ஃபேட், ஒற்றைக் காது இரண்டையும் ஏற்கிறேன். ஏபிஎக்ஸ் எனக்கு வேண்டாம் அண்ணா, ரீமாஸ்டர் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. ஆனால் வரிசையாகக் கேட்டாலும் தொய்வு தொய்வுதான். இங்கிலாந்துப் பதிப்பில் ‘இன் மை லைஃப்’ வரை குறை சொல்ல மாட்டேன். அடுத்த ‘வெயிட்’ வந்ததும் விழுகிறது, ‘ரன் ஃபார் யுவர் லைஃப்’ வரை எழவில்லை. குறிப்பைத் திருத்துகிறேன்: ‘கடைசி மூன்று பாட்டு தொய்வு.’

வரிசைக்காரன்:
இது குறிப்பு. ‘வெயிட்’ அதற்கு முந்தைய ‘ஹெல்ப்!’ பதிவுகளில் மிஞ்சிய பாட்டு. ஆல்பத்துக்குப் பாட்டு போதாமல் நவம்பரில் தூசி தட்டி, மேலே கொஞ்சம் வாசித்துச் சேர்த்தார்கள். ‘ரன் ஃபார் யுவர் லைஃப்’ லெனனுக்கே பிடிக்காதது. ஆனால் நடுவில் இருக்கும் ‘இஃப் ஐ நீடட் சம்ஒன்’-ஐ அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஹாரிசனின் 12 தந்திக் கிதாருக்காகவே அது நிற்கும்.

காந்தநாடா:
மிஞ்சிய சரக்கைக் கடைசிப் பக்கத்தின் பின்பாதியில் தள்ளியிருக்கிறார்கள். இதைத்தானே முதலிலிருந்து ‘படைப்பின் வரிசை’ என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்?

வரிசைக்காரன்:
பின்னே, ‘டிரைவ் மை கார்’ இடத்தில் ‘வெயிட்’-ஐ வைப்பீர்களா?