டிரெய்லர் ஷவர் கதவு: உங்களுக்கு நேர்ந்தது என்ன?

மாடக்குளத்தான்:

வத்தலக்குண்டு தாண்டி மலையேறும் அந்த வளைவுகளைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எங்களுடையது இருவர் படுக்கக்கூடிய சிறிய இழுவை கேரவன். அதன் மூலையில் ஆக்ரிலிக் தள்ளுகதவு போட்ட ஷவர் அறை இருக்கிறது. பெருமாள்மலையில் தேநீருக்காக நிறுத்தியபோது, முகம் கழுவலாம் என்று என் மனைவி அந்தக் கதவின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தார். கதவு ஓரமாக நகர்வதற்குப் பதிலாக முழுப் பலகையும் அவர் கையோடு வந்துவிட்டது. கதவு ஓடும் மேல் சேனலில் (அலுமினியப் பள்ளத்தில்) இரண்டு ரோலர்கள் மட்டும் தமக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாததுபோல் தொங்கிக்கொண்டிருந்தன. ஆளுயரப் பலகையை அணைத்துப் பிடித்தபடி, "இதை எங்கே வைப்பது, சொல்லுங்கள்!" என்று அவர் கேட்ட குரல் தேநீர்க் கடை வரை கேட்டிருக்கும்.

ரோலரைப் பலகையோடு சேர்க்கும் திருகுகள் அதிர்வில் கழன்றிருந்தன. அவற்றுக்கு மாற்றாக நைலான் வளையம் உள்ள நட்டுகளைப் போட்டுவிட்டேன். இருந்தும் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மதுரையிலிருந்து புறப்படும் முன் நண்பகல் வெயிலில் கதவை ஆட்டிப் பார்த்தேன். இம்மியும் அசையாமல் இறுக்கமாக இருந்தது. அப்படி இருந்த கதவு மலையேறி முடிவதற்குள் எப்படிக் கழன்றது?

தென்கரைத் தோப்பு:

மாடக்குளத்து ஐயா, அந்த இறுக்கம்தான் உங்கள் கதவின் நோய். அதை நலத்தின் அடையாளமாக நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். சோழவந்தான் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் டிரெய்லரை நிறுத்தியிருந்தேன். நிழல் நகர்ந்து வெயில் நேராகக் கூரைமேல் விழும் நேரத்தில் குளிக்கப் போனேன். தலை முழுவதும் சோப்பு நுரையோடு கதவைத் தள்ளினால் அசையவே இல்லை. வெளியே நின்ற மகன் கடப்பாரை எடுத்து வரட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்று தடுத்துவிட்டு, ஷவரைக் கதவின் மேல் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொட்டியில் இருந்தது கிணற்று நீர், நல்ல குளிர்ச்சி. சற்று நேரத்தில் மேல் சேனலில் 'டக்' என்று ஓர் ஓசை கேட்டது. அதன் பிறகு ஒற்றை விரலால் தள்ளியதும் கதவு திறந்துகொண்டது.

காரணம் எளியது. ஆக்ரிலிக் ஒவ்வொரு டிகிரி வெப்பத்துக்கும் மீட்டருக்கு ஏறத்தாழ 0.07 மி.மீ. நீளும், அலுமினியம் 0.023 மி.மீ. அளவுக்கே நீளும். 1.8 மீட்டர் உயரமுள்ள கதவுக்கு 25 டிகிரி ஏறினால் பலகை 3 மி.மீ. வளர்கிறது, அதைத் தாங்கும் சட்டமோ 1 மி.மீ. மட்டுமே வளர்கிறது. இடைவெளி போதாவிட்டால் பலகை சட்டத்தில் முட்டிக்கொள்ளும். உங்கள் கதவு மதுரை வெயிலில் முட்டிக்கொண்டு நின்றது; மலைக் குளிரில் சுருங்கியதும் சேனலுக்குள் ஆடத் தொடங்கி, அந்த ஆட்டத்தில் திருகைக் கழற்றிக்கொண்டது. புது நட்டு நல்லதுதான் என்றாலும், திருகு போகும் துளையைத் திருகின் தடிமனைவிடச் சற்றுப் பெரிதாக்கி, ரப்பர் வாஷர் வைத்து முடுக்காவிட்டால், அடுத்த முறை பலகையே அந்த இடத்தில் விரிசல் விடும்.

கப்பலூர் பட்டறை:

எங்கள் வண்டியில் கதவுக்கு வெளியே தண்ணீர் கசிந்ததால், ஒரு பட்டறையில் கொடுத்து, இடுக்கை அடைக்கும் சிலிகான் பசை போட்டு வாங்கினோம். அவர்கள் சட்டத்தின் உள்ளும் புறமும் ஓரிடம் விடாமல் பூசிக் கொடுத்தார்கள். மழைக்காலம் முடிந்து தரை விரிப்பைத் தூக்கியபோது, கீழிருந்த பிளைவுட் என் கட்டைவிரல் அழுத்தத்துக்கே குழைந்து உள்ளே போனது. அந்த நாற்றம் இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

இதைப் படிப்பவர்களுக்குச் சில செய்திகள். கீழ் சேனலில் குளியல் தொட்டியின் பக்கமாகச் சிறு துளைகள் இருக்கும். சட்டத்துக்குள் புகுந்த நீர் அவற்றின் வழியாகத் தொட்டிக்கே திரும்ப வேண்டும். ஆகவே சிலிகானை வெளிப்புறத்தில் மட்டும் பூச வேண்டும். உள்ளேயும் பூசினால் நீர் திரும்ப வழியின்றித் தரைக்குள் இறங்கும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுதி என்பதால், சிலிகான் பூசாவிட்டாலும் அந்தத் துளைகள் தாமாகவே அடைந்துகொள்ளும். எலுமிச்சை உப்பை வெந்நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஊசியால் குத்தி விட்டால் போதும். கழிவறைக்கு ஊற்றும் அமிலத்தை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அலுமினியத்தின் மேற்பூச்சை அது அரித்துவிடும். சிலிகான் கறையைத் தின்னர் கொண்டு துடைக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆக்ரிலிக்கில் அது பட்டால் சிலந்தி வலை போன்ற நுண்விரிசல்கள் ஓடும். பழைய சிலிகான் மேல் புதியது ஒட்டாது. முழுவதும் சுரண்டி எடுத்துவிட்டே பூச வேண்டும். பூசும்போது வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்து, உலோகத்துக்கு ஏற்ற நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். பூசிய பின் ஒரு நாள் முழுவதும் தண்ணீர் படக்கூடாது. இதையெல்லாம் செய்ய நேரமில்லாதவர்கள் டிரெய்லரே வாங்கியிருக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆனையூர் அண்ணன்:

கப்பலூர்த் தம்பி, கேட்டது கழன்ற கதவைப் பற்றி. நீங்கள் சிலிகானுக்குப் பாடம் நடத்திவிட்டீர்கள். வெப்பக் கணக்கும் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. என் அனுபவத்தில் முதல் குற்றவாளி வண்டி நிற்கும் மட்டம்தான். அழகர்கோவில் அடிவாரத்தில் சரிவான இடத்தில் நிறுத்தியிருந்தோம். உள்ளே எங்கள் சம்பந்தி குளித்துக்கொண்டிருந்தார். வெளியே என் மருமகன் உட்பட எல்லோரும் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருக்க, கதவு எவர் கையும் படாமல் மெதுவாக, முழுமையாக, தானே திறந்துகொண்டது. அதன் பின் அவர் எங்களுடன் எங்கும் வருவதில்லை.

நிறுத்தியதும் ஷவர் தொட்டியின் விளிம்பில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பக்கவாட்டுச் சரிவுக்குச் சக்கரத்தின் அடியில் பலகை கொடுங்கள். முன்பின் சரிவை முன்சக்கர ஜாக்கியால் சரிசெய்யுங்கள். நான்கு மூலைகளிலும் உள்ள கால்கள் வண்டி ஆடாமலிருக்க மட்டுமே உதவும். பலர் அவற்றை முறுக்கி வண்டியையே தூக்கப் பார்க்கிறார்கள். உடனே கூடு முறுகிக் கதவுச் சட்டம் கோணலாகிவிடும், கதவு சிக்கும், பழியோ வெயிலின் மேல் விழும். என்னைக் கேட்டால் கதவைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரைச்சீலை கட்டிக்கொள்வதே உத்தமம்.

தென்கரைத் தோப்பு:

மட்டம் பற்றி அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கோணலான சட்டத்தில் சிக்கிய கதவு காலையிலும் சிக்கும்; வெப்பத்தால் சிக்கியது காலையில் விட்டுவிடும். இரண்டையும் பிரித்தறிய அந்த ஒரு சோதனை போதும். திரைச்சீலை என்கிறீர்கள், அவ்வளவு சிறிய அறையில் அது உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சிதறும் நீர் முழுவதும் பிளைவுட் தரைக்கே போகும். கப்பலூர்க்காரரின் தரை என்ன ஆனது என்பதைப் பார்த்தீர்கள் அல்லவா?

மாடக்குளத்தான்:

திரைச்சீலை யோசனையை என் மனைவியிடம் சொல்லும் துணிவு எனக்கில்லை. தோப்பு ஐயா சொன்ன சோதனையைச் செய்தேன். காலையில் பலகைக்கும் மேல் சட்டத்துக்கும் இடையே பழைய ஏடிஎம் அட்டை தாராளமாக நுழைந்தது. பிற்பகலில் அதே அட்டை நுழையவில்லை. துளைகளைப் பெரிதாக்கி வாஷர் போட அலுமினிய வேலை செய்யும் ஒருவரிடம் பேசியிருக்கிறேன். பயணத்தில் கதவு ஆடாமலிருக்க, கைப்பிடியை எதிர்ச்சுவரோடு இழுத்துக் கட்டும் பட்டை ஒன்றும் பொருத்தச் சொல்லியிருக்கிறேன். மாசி வீதிப் பக்கத்துக் கண்ணாடிக் கடைகளில் வீட்டு ஜன்னலுக்கான பெரிய ரோலர்களே கிடைக்கின்றன. எனக்கு வேண்டியது 19 மி.மீ. விட்டமுள்ள ரோலர். மதுரையில் அது கிடைக்கும் இடம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சிலிகானைப் பற்றி இனி எவரும் எழுத வேண்டாம்.