க்ளேவே பக்கம் ரூம், ஆனா வீடு நெதர்லாந்துல – அவசரம்!!

புதுசா_வந்தவன்: அண்ணா அக்கா யாராவது சீக்கிரம் சொல்லுங்க, ஜெர்மனி வந்து ஒன்பது நாள்தான் ஆச்சு, ஹாஸ்டல் நாளையோட முடியுது, நெதர்லாந்து க்ரூஸ்பேக்ல ஒரு ரூம் மாட்டிருக்கு. மேப்ல நான் படிக்கப் போற ஜெர்மன் ஊர் க்ளேவேக்கு பக்கம்தான். ஓனர் ராத்திரிக்குள்ள அட்வான்ஸ் கேக்குறாரு. அனுப்பலாமா?

நாடோடி82: அனுப்பு ப்ரோ. ஷெங்கன்தானே, நாடு விட்டு நாடு போக தனி விசா வேணாம், எல்லைன்னா ஒரு போர்டு, அவ்ளோதான். டச்சுக்காரங்களே வீடு மலிவுன்னு இந்தப் பக்கம் க்ரானென்பர்க்ல குடியிருந்துட்டு அவங்க ஊர் நைமேகனுக்கு வேலைக்குப் போறாங்க.

குளிர்ல_காஞ்சவன்: ரூமை விடு, முதல்ல மழை ஜாக்கெட் வாங்கு. நான் வந்த நவம்பர்ல ஜன்னலைத் திறந்தா மூடுபனி, அதுக்குள்ள மாடு கத்துற சத்தம் மட்டும் கேக்கும். ஞாயித்துக்கிழமை கடை பூட்டுவான்னு தெரியாம ஒரு பாக்கெட் ரஸ்க்ல நாளை ஓட்டினேன்.

கெவலார்_அக்கா: எல்லை எண்டா சும்மா போர்டு இல்லை தம்பி. எமெரிச்சுக்குப் பக்கத்தில எல்டன் எண்ட ஊர் 1949இல இருந்து 1963 வரைக்கும் நெதர்லாந்தின்ர கையில. திருப்பிக் குடுக்க முதல் நாள் இரவு வெண்ணெயும் கோப்பியும் ஏத்தின லொறியள் ஊருக்குள்ள வந்து வரிசையா நிண்டதாம். விடியேக்க ஊர் ஜெர்மனி, சாமானுக்கு வரியே இல்லை!

நாடோடி82: இப்ப அதுவா கேள்வி. க்ளேவேல இருந்து நைமேகனுக்கு இருந்த ரயிலையே 1991ல நிறுத்திட்டாங்க, இப்ப அந்த தண்டவாளத்துல டூரிஸ்ட்டுங்க பெடல் வண்டி மிதிச்சு விளையாடுறாங்க, நமக்கு பஸ்.

கெவலார்_அக்கா: ஆகஸ்டில கெவலார் மாதாவிட்ட வந்து பார், 1642இல இருந்து யாத்திரைத் தலம். எங்கட சனம் ஆயிரக்கணக்கில வரும், சைவக்காரரும் வருவினம்.

ரைன்கரை: கதை போதும்ப்பா. தம்பி, என்ன விசா?

புதுசா_வந்தவன்: ஸ்டூடன்ட் அண்ணா, க்ளேவே ரைன்-வால் யுனிவர்சிட்டி.

ரைன்கரை: அதை முதல்லயே சொல்லக்கூடாதா! காசு அனுப்பாதே. உன் விசா ஜெர்மனி குடுத்தது. அந்தப் பக்கம் 180 நாள்ல 90 நாள் சுத்திப் பாக்கலாம், குடியிருக்க முடியாது. ஆன்மெல்டுங், அதான் குடியிருக்கிற அட்ரஸை ஆபீஸ்ல பதியிறது, ஜெர்மன் அட்ரஸ்லதான் நடக்கும், குடி போன 2 வாரத்துக்குள்ள, ஓனர் கையெழுத்து போட்ட பேப்பரோட. ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு அந்த அட்ரஸ்தான் வேணும். அதோட 2024 செப்டம்பர்ல இருந்து இந்த எல்லையிலயும் செக்கிங், பாஸ்போர்ட் இல்லாம தாண்டாதே. கோக், கெவலார், வேட்சே மூணும் க்ளேவே ரயில் லைன்லயே இருக்கு, எமெரிச், க்ரானென்பர்க்னா எஸ்பி 58 பஸ். அங்க தேடு. ரூமை நேர்ல பாக்காம, கான்ட்ராக்ட் கைக்கு வராம ஒரு யூரோ கூட குடுக்காதே.

புதுசா_வந்தவன்: அண்ணா... காலைலயே 200 அனுப்பிட்டேன்.

ரைன்கரை: உடனே பேங்குக்கு போன் பண்ணு, அந்த ஆள் மெசேஜ் எதையும் அழிக்காதே.

கெவலார்_அக்கா: நாளைக்கு எங்க படுக்கிறாய்? இன்பொக்ஸ் வா, சோபா சும்மாதான் கிடக்கு.