உதவி: இடைவெளிச் சந்தியால் இணைத்த இரண்டாவது நரம்புக்கலத்தில் துடிப்பு வரவில்லை

கொக்குவில்காரி:
வணக்கம். யாழ்ப்பாணம் கம்பஸில் படிக்கிறேன். ஒப்படைக்காகப் பைதன் நிரலில் இரண்டு நரம்புக்கலங்களை எழுதி இடைவெளிச் சந்தியால் (இரண்டு கலங்களை நேரே இணைக்கும் நுண்ணிய கால்வாய்களின் கூட்டம்) இணைத்திருக்கிறேன். உயர்தரத்தில் படித்தபடி, இங்கே நரம்புச் செலுத்திகள் எதுவும் வேண்டாம், மின்னோட்டம் நேரே அடுத்த கலத்துக்குள் போகும். ஆகவே முதலாவதில் தாக்க அழுத்தம், அதாவது துடிப்பு, எழுந்தால் இரண்டாவதிலும் எழும் என்று நினைத்தேன். எழவில்லை.

இரண்டு கலமும் ஒரே மாதிரி: ஓய்வு அழுத்தம் −65 மில்லிவோல்ற்று, துடிப்பு எழும் எல்லை −50, கசிவுக் கடத்துகை 10 நானோசீமன்ஸ், கொள்ளளவம் 100 பிக்கோபரட். முதற்கலத்துக்கு மட்டும் 180 பிக்கோஅம்பியர் கொடுக்கிறேன். எல்லையைத் தொட்டதும் 1 மில்லிசெக்கனுக்கு +35 இல் பிடித்து, பிறகு −70 க்கு இறக்கிவிடுகிறேன். சந்தியின் கடத்துகை 1 நானோசீமன்ஸ்.

முதலாவது ஒழுங்காகத் துடிக்கிறது. இரண்டாவதன் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு துடிப்புக்கும் நேரே 1 மில்லிவோல்ற்று அளவில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். சந்தியை 10 ஆக்கினேன். இப்போது முதற்கலமும் படுத்துவிட்டது! எங்கே பிழை?

பழைய பைதன்:
தங்கச்சி, சந்தி மின்னோட்டம் என்பது கடத்துகை × அழுத்த வித்தியாசம். அதை இரண்டாவதுக்குக் கூட்டி, முதலாவதிலிருந்து கழித்திருக்கிறீர்களா? இரண்டிலும் கூட்டிவிட்டால் வெறும் காற்றிலிருந்து மின்னேற்றம் வரும். அலகுகளையும் ஒருக்கால் பாருங்கோ.

கொக்குவில்காரி:
ஓம் அண்ணா, ஒன்றில் கூட்டல், மற்றதில் கழித்தல். அலகுகளும் சரி.

மின்னோட்டி:
அப்படியென்றால் நிரலில் குறை இல்லை. அந்தச் சின்ன மேடுதான் வரவேண்டிய விடை.

முதலில் மாறாத அழுத்தத்துக்குப் பாருங்கள். இரண்டாங்கலத்துக்குள் சந்தி வழியாக வருவது கசிவு வழியாக வெளியேற வேண்டும். எனவே முதற்கலத்தின் மாற்றத்தில் 1/(1+10), பதினொன்றில் ஒரு பங்குதான் அங்கே தெரியும். இணைப்புக் குணகம் என்பது இதுதான். முதற்கலத்தை 100 மில்லிவோல்ற்று உயர்த்தி அப்படியே வைத்திருந்தால் மற்றதில் 9 ஏறும். துடிப்பு அவ்வளவு நேரம் நிற்காதே! அது 1 மில்லிசெக்கனில் முடிகிறது, மென்சவ்வின் நேர மாறிலியோ (அழுத்தம் மாற எடுக்கும் நேரத்தின் அளவு) 100/10 = 10 மில்லிசெக்கன். கிணற்றடியில் இரண்டு தொட்டிகளை மெல்லிய குழாயால் இணைத்து, ஒன்றில் ஒரு வாளி ஊற்றி உடனே மொண்டு எடுத்தால் மற்றதில் என்ன ஏறும்? இங்கே 1 மில்லிவோல்ற்றோடு நின்றுவிடுகிறது. எல்லைக்கு 15 வேண்டும்.

முதற்கலம் படுத்த கதை இன்னும் சுவையானது. சந்தி 10 ஆனதும், கொடுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு பக்கத்துக் கலத்தின் கசிவுக்குப் போகிறது. சந்தியின் 10உம் பக்கத்துக் கலத்தின் கசிவு 10உம் தொடராக நிற்பதால் அந்த வழியின் கடத்துகை 5. முதற்கலம் காணும் மொத்தக் கடத்துகை 10 + 5 = 15. 180 ஐ 15 ஆல் பிரித்தால் 12 மில்லிவோல்ற்று. எல்லையைத் தொடாது. அயலில் உள்ள கலம் சும்மா இருந்தால் சுமையாகிவிடும்.

மெதுவான மாற்றங்கள் இந்தச் சந்தியைத் துடிப்பைவிட நன்றாகக் கடக்கும். உண்மையான கலத்தில் துடிப்புக்குப் பின்வரும் நீண்ட இறக்கம், அந்தச் சிறு மேட்டைவிடப் பெரிதாகவே மறுபக்கம் தெரிவதுண்டு. அப்போது இந்தச் சந்தி ஒரு தடுப்பு இணைப்புப் போலவே நடந்துகொள்ளும்.

வைத்தியப் பிரிவு அக்கா:
பாடப்புத்தகத்து உதாரணங்கள்தான் இந்தக் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். இதயத் தசையில் துடிப்பு முழுசாகத் தாவுகிறது. அங்கே சந்தியின் கால்வாய்களை ஆக்கும் புரதம் கொனெக்சின் 43, கலங்களுக்கிடையிலான கடத்துகையும் மிகப் பெரிது. 1959இல் பேர்ஸ்பனும் பொட்டரும் மின் இணைப்பைக் காட்டியது கிரேஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையின் இராட்சத நரம்பிழையில். அதிலும் துடிப்பு கடக்கும், அதுவும் ஒரு திசையில் மட்டும்.

பாலூட்டி மூளையின் நரம்புக்கலங்களில் முக்கியமானது கொனெக்சின் 36. ஆறு புரதம் சேர்ந்து அரைக்கால்வாய், எதிர்க்கலத்தின் அரைக்கால்வாயோடு பொருந்தினால் முழுக்கால்வாய். ஒரு கால்வாயின் கடத்துகை 10 முதல் 15 பிக்கோசீமன்ஸ்தான். உங்கள் 1 நானோசீமன்ஸுக்கே ஏறக்குறைய 67 முதல் 100 வரையான கால்வாய்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்க வேண்டும். எலி மூளைப் புறணியில் வேகமாகத் துடிக்கும் தடுப்புக் கலங்கள் இப்படி இணைந்திருப்பதை 1999இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. கொனெக்சின் 36 இன் மரபணுவை நீக்கிய எலிகளில் அந்த இணைப்பு ஏறக்குறைய இல்லாமற் போனது 2001இல் தெரியவந்தது.

பழைய பைதன்:
சந்தியை அடைக்க ஒரு மருந்து இருக்கிறதல்லவா? கார்பினொக்சலோன்?

வைத்தியப் பிரிவு அக்கா:
இருக்கிறது. நாட்டுமருந்துக் கடையில் வாங்கும் அதிமதுரத்தின் சேர்மத்திலிருந்து செய்தது, முன்பு வயிற்றுப் புண்ணுக்குக் கொடுத்தார்கள். ஆனால் கல்சியக் கால்வாய் முதலிய வேறு பலதையும் தொடும். அதைப் போட்டதும் துடிப்பு மாறினால், அடைபட்ட சந்திதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. மரபணு நீக்கிய எலிகள் பெரிதும் உதவியது இதனால்தான்.

மின்னோட்டி:
சந்தியைத் திரும்ப 1 ஆக்குங்கள். இரண்டு கலத்துக்கும் 180 கொடுங்கள், இரண்டாவதுக்கு 2 மில்லிசெக்கன் பிந்தி. என்ன வருகிறது?

கொக்குவில்காரி:
அட! முதல் துடிப்பிலேயே இரண்டு கலத்துக்கும் இடையிலான நேர வித்தியாசம் 1 மில்லிசெக்கனுக்குள் வந்துவிட்டது. இரண்டாவது எல்லைக்கு மிகக் கிட்ட நிற்கும்போது அந்த மேடு வந்து தள்ளிவிடுகிறது. சந்தியை 0 ஆக்கினால் 2 மில்லிசெக்கன் அப்படியே இருக்கிறது.

மின்னோட்டி:
அதுதான். மூளையில் இந்தச் சந்திகளின் வேலை என்று பெரிதும் பேசப்படுவதும் இந்த ஒத்திசைவுதான். தனியே ஒரு கலத்தை எழுப்ப இதற்குப் பலம் போதாது, எழப்போகிறவற்றை ஒரே நேரத்துக்குக் கொண்டுவரப் போதும்.

ஒப்படையில் இரண்டு கலத்துக்கும் வேறு வேறு அளவுத்திட்டம் போடுங்கள். 1 மில்லிவோல்ற்றை 100 மில்லிவோல்ற்று அச்சில் யாரும் காணமாட்டார்கள். 10 நானோசீமன்ஸ் வரைபடத்தையும் சேருங்கள், வாய்மொழிப் பரீட்சையில் அதைத்தான் கேட்பார்கள்.