காகம் ஒளித்து வைத்த உணவு

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு):
எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூரையோரத்தில் ஒரு காகம் ரொட்டி சானாய்த் துண்டைத் தகரத்தின் அடியில் செருகி, காய்ந்த இலையொன்றை இழுத்து மூடிவிட்டுப் பறந்தது. இடம் மட்டும்தான் அதற்கு நினைவிருக்குமா, அல்லது எதை, எப்போது வைத்தது என்பதும் தெரியுமா?

மறுமொழி (பட்டர்வொர்த்):
நம்மூர்க் காகத்தை வைத்து அல்ல, அதன் உறவான அமெரிக்கப் புதர் ஜே பறவையை வைத்து நிக்கோலா கிளேட்டனும் அந்தோணி டிக்கின்சனும் 1998இல் ஆய்வொன்றை வெளியிட்டார்கள். மணல் நிரப்பிய ஐஸ் கட்டித் தட்டுகளில் அவை மெழுகுப்புழுவையும் நிலக்கடலையையும் புதைத்தன. புழுதான் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும். ஆயினும் அது கெட்டுப்போகும் என்பதை முன்பே அனுபவத்தில் அறிந்திருந்த பறவைகள், புதைத்து 4 மணி நேரமே ஆகியிருந்தால் புழுவையும், 124 மணி நேரம் கடந்திருந்தால் கடலையையும் முதலில் தேடின.

மறுமொழி (கிள்ளான்):
வாசனையை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாமே?

மறுமொழி (பட்டர்வொர்த்):
சோதனைக்கு முன் உணவை அகற்றிப் புது மணல் நிரப்பிவிட்டதால் மோப்பத்துக்கு இடமில்லை. அதைவிட முக்கியமாக எனக்குப் படுவது, புழு கெடுவதைக் கண்டே இராத மற்றொரு குழு 124 மணி நேரத்துக்குப் பிறகும் புழுவையே தேடியது என்பதுதான்.