ஒமேகா சென்டாரி அப்படியே கிடக்க, கார்த்திகை மட்டும் ஏன் கலைய வேண்டும்?

உப்புவெளியான்:
போன கிழமை நிலாவெளியில் ஹோட்டல் வெளிச்சம் படாத பக்கமாக நின்று, இரவு பத்து மணிபோல தெற்கே பைனாகுலரில் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்தைப் பார்த்தோம். நடு அடர்த்தி, ஓரம் எங்கே முடிகிறது என்றே பிடிபடாத வெள்ளைப் புகைச்சல். கிட்டத்தட்ட 1 கோடி நட்சத்திரம், வயது 1,000 கோடி ஆண்டுக்கு மேல். கார்த்திகைக் கூட்டத்துக்கு 10 கோடி வயதுதான், அதற்குள் இன்னும் 25 கோடி ஆண்டில் கலைந்துவிடும் என்று வாசித்தேன். இரண்டையும் பிடித்து வைத்திருப்பது ஒரே ஈர்ப்புதானே?

மலையடி:
ஒரே ஈர்ப்புதான் தம்பி, கலைப்பதும் அதுவேதான். கொத்துக்குள் இரண்டு நட்சத்திரம் கிட்ட வந்துபோனால் அநேகமாக மோதாது, வேகத்தைக் கைமாற்றும். பாரமானது வேகம் குறைந்து நடுவுக்கு இறங்கும், இலேசானது வேகம் கூடி ஓரத்துக்குப் போகும், அதில் சிலது ஒரேயடியாகத் தப்பிவிடும். கார்த்திகையில் இருப்பது ஆயிரம் சொச்சம், ஆகவே கெதியாகக் கரையும். கோடி இருக்கும் இடத்தில் ஒரு நட்சத்திரத்தின் இழுப்பு மற்றவற்றின் கூட்டு இழுப்புக்குள் அமுங்கிப்போகிறது, இந்தக் கைமாற்றம் கொத்து முழுக்கப் பரவுவதற்கே நூற்றுக்கணக்கான கோடி ஆண்டு வேண்டும். அப்புறம் பால்வீதியின் இழுப்பு வேறு, ஓரத்து நட்சத்திரங்களை உருவி எடுக்கும். ரோகிணிக்குப் பக்கத்தில் தெரியும் ஹையடீஸ் கொத்திலிருந்து முன்னும் பின்னும் இரண்டு வால் நீள்வதை 2019இல் கையா விண்கலத் தரவில் கண்டுபிடித்தார்கள்.

வானம்பார்த்தவன்:
அண்ணை சொன்னது சரி, ஆனால் ஒமேகாவைச் சாதாரணக் கொத்து என்று எடுக்கக்கூடாது. ஒன்றாகப் பிறந்த சாதாரணக் கொத்தில் நட்சத்திரங்களின் இரும்பு அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், இதிலோ ஒன்றுக்கொன்று நிறைய வித்தியாசம். அதனால் பால்வீதி எப்போதோ உரித்துத் தின்ற ஒரு குட்டி கலக்சியின் (விண்மீன் மண்டலத்தின்) நடுக்கொட்டை இது என்றே பலர் நினைக்கிறார்கள். 1994இல் கண்டுபிடித்த தனுசுக் குள்ள கலக்சி இப்போதும் அப்படித்தான் கிழிபட்டுக்கொண்டிருக்கிறது. இப்படிக் குட்டி கலக்சி உள்ளே இறங்குவதற்குக் காரணம் உண்டு: பெரிய பொருள் சின்ன நட்சத்திரங்களுக்கு நடுவே போகும்போது அவை பின்னால் குவிந்து அதை இழுத்து வேகத்தைக் குறைக்கும். அதற்குக் கணக்குப் போட்டது நம்ம வானியற்பியலாளர் சந்திரசேகர், 1943இல். ஒமேகாவின் நடுவில் மிதமிஞ்சிய வேகத்தில் ஓடும் 7 நட்சத்திரங்களை ஹபிள் படங்களில் கண்டு, அவை தப்பி ஓடாமல் பிடித்து வைக்கக் குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை அங்கே இருக்க வேண்டும் என்று 2024இல் எழுதினார்கள்.

உப்புவெளியான்:
சரி, பக்கத்துப் பெரிய கலக்சியான அன்ட்ரோமெடா பால்வீதியில் வந்து மோதினால் எல்லாம் கலங்கிப்போகும்தானே?

மலையடி:
வந்தால்தானே! 1,000 கோடி ஆண்டுக்குள் சேருமா என்பதே பாதிக்குப் பாதி என்று 2025இல் வந்த கணக்கு. பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி கலக்சியான பெரிய மகெல்லன் மேகத்தின் இழுப்பையும் சேர்த்துப் பார்த்ததால் வந்த மாற்றம் அது. தை மாதம் மாரி மழைமுகில் விட்டால் அந்த மகெல்லன் மேகத்தையும் பார்க்கலாம், தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலேதான் நிற்கும்.