மென்டர் எண்டு நியமிச்ச சேரிட்ட "எனக்குத் தெரியல்ல" எண்டு எப்படிச் சொல்றது?

வாவிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, கல்லடிப் பக்கம். கிழக்கில உள்ள ஒரு கம்பஸில புரொபேஷனரி லெக்சரரா (தகுதிகாண் காலத்தில இரிக்கிற விரிவுரையாளரா) சேர்ந்து இது ரெண்டாவது செமஸ்டர். எந்தக் கம்பஸ், எந்தத் துறை எண்டு சொல்ல விரும்பல்ல. தயவுசெய்து ஊகிக்கவும் வேணாம்.

சேர்ந்த கிழமையே எனக்கு ஒரு மென்டரை, அதாவது வழிகாட்டியை, நியமிச்சுக் கடிதம் தந்தாங்க. அவர் எனக்குப் படிப்பிச்ச சேர். ஃபைனல் இயர் ஆய்வுக்கும் அவர்தான் மேற்பார்வை. நல்ல மனுசன், அவரில எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா இண்டைக்கும் அவர்ட அறைக் கதவைத் தட்டினா நான் மாணவிதான். இருங்க எண்டு கதிரையைக் காட்டினாலும் இருக்க வருதில்ல. எட்டு மாசத்தில மூண்டு தரம் போயிருக்கன். மூண்டு தரமும் "எப்படிப் போகுது?" எண்டு கேட்டார். "நல்லாப் போகுது சேர்" எண்டுட்டு வந்துட்டன்.

நல்லாப் போகல்ல.

என்ட வகுப்பில 130 பேர், இங்கிலீஷ் மீடியம். அக்கரைப்பற்று, வாழைச்சேனை, ஹட்டன், குருநாகல், மாத்தறை எண்டு எல்லா இடத்திலயும் இருந்து வந்த பிள்ளைகள். போன மாசம் ஒரு பகுதி ஒருத்தருக்கும் விளங்கல்ல எண்டு முகத்தில தெரிஞ்சுது. அவதியில தமிழில விளக்கிப் போட்டன். முன்னுக்கு இருந்த தமிழ்ப் பிள்ளைகள் தலையாட்டினாங்க. பின்னுக்கு இருந்த சிங்களப் பிள்ளைகள் பேனையை மூடி வச்சிட்டாங்க. அதைக் கண்ட பிறகு அண்டைக்கு வகுப்பு முடியும் வரைக்கும் எனக்கு வாய் தடுமாறிச்சு.

பிறகு பரீட்சை வினாத்தாள். பரீட்சைக்கு முதல் கேள்விகளைச் சரிபாக்கிற மொடரேட்டர்ட கையால சிவப்பா வந்துது. அரைவாசிக் கேள்விக்குப் பக்கத்தில "மனப்பாடம்" எண்ட ஒரே சொல்தான். அது பிழை எண்டு விளங்குது, சரியானது எப்படி இரிக்கும் எண்டு விளங்கல்ல. ஒரு மணித்தியால விரிவுரைக்கு ஏழெட்டு மணித்தியாலம் ஆயத்தம் செய்றன். மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பம் இன்னும் நிரப்பல்ல. வீட்டில அம்மா வாறவங்களுக்கெல்லாம் "மகள் கம்பஸில படிப்பிக்கிறா" எண்டு சொல்லும்போது நான் எழும்பிக் குசினிக்குள்ள போயிடுறன்.

சேரிட்ட சொல்லலாம்தான். ஆனா என்னைப் பதவியில நிரந்தரமாக்கிற நேரம் அறிக்கை எழுதுறவங்களில அவரும் ஒராள். எனக்குத் தெரியாது எண்டு நான் சொல்றது அந்த ஃபைலுக்குள்ள போகாது எண்டு என்ன நிச்சயம்? என்னோட சேர்ந்த நாலு பேர் வேற துறைகளில இரிக்காங்க. கன்டீனில கதைப்பம். பஸ், வீட்டு வாடகை, கல்யாணம் எல்லாம் கதைப்பம், இதை மட்டும் ஒருத்தரும் வாய் திறக்கிறதில்ல. இந்தக் கட்டத்தைத் தாண்டினவங்க யாராவது இருந்தா, நீங்க யாரிட்ட போனீங்க, போய் முதல் வசனமா என்ன சொன்னீங்க எண்டு எழுதுங்க.

ஒலுவில் காற்று:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் தங்கச்சி. நான் அம்பாறை மாவட்டம், ஒரு கம்பஸில ஆறு வருசம் முடிஞ்சுது. உங்கட கன்டீன் கதை அப்படியே எங்கட கதை. நாங்களும் நாலு பேர், நாலு துறை. ஒரு வருசம் ஒண்டாத் தேத்தண்ணி குடிச்சும் ஒருத்தருக்கொருத்தர் ஒண்டும் சொல்லல்ல. ஒரு நாள் நான்தான் சொன்னன்: "என்ட மிட் செமஸ்டர் விடைத்தாள் 90 கிடக்கு, முதல் 20 பேருக்குக் கடுமையாப் போட்டுட்டன், கடைசி 20 பேருக்கு அள்ளிக் குடுத்துட்டன் போல." மத்த மூண்டு பேரும் கோப்பையை வச்சிட்டு "எனக்கும்" எண்டாங்க.

அதுக்குப் பிறகு நாங்க செய்த வேலையை விவரமாச் சொல்றன், இதுதான் எனக்கு உதவினது. ஒரு அசைன்மென்டில பத்து விடையை எடுத்து, சுட்டெண்ணை மறைச்சு, ரெண்டு பேர் தனித்தனியாப் புள்ளி போட்டம். ஒரே விடைக்கு நான் 14, மத்தவர் 8. ஏன் எண்டு கதைக்கப் போனாத்தான் தெரியுது, புள்ளித்திட்டமே என்ட தலைக்குள்ளதான் இரிக்கு, கடதாசியில இல்ல. அண்டையில இருந்து கேள்வி எழுதிற அண்டைக்கே புள்ளித்திட்டத்தையும் எழுதிடுவன். ஒரு பிள்ளைட தாளை முழுசாத் திருத்தாம, 90 பேர்ட முதலாம் கேள்வியை முடிச்சிட்டுத்தான் ரெண்டாம் கேள்விக்குப் போவன். நீங்களும் செய்து பாருங்க, கை நிலையா நிக்கும்.

ஒரு எச்சரிக்கை. நடப்பு வினாத்தாளை மொடரேட்டரைத் தவிர ஒருத்தருக்கும் காட்டப்படாது, கூட்டாளி எண்டாலும். பழைய வருசத்துப் பேப்பரை வச்சுப் பழகுங்க. "மனப்பாடம்" எண்டு அவர் எழுதினது, உங்கட கேள்வி எல்லாம் "வரைவிலக்கணம் தருக, பட்டியலிடுக" எண்டு நிக்கிறதாலயாத்தான் இரிக்கும். பெஞ்சமின் ப்ளூம் எண்ட அமெரிக்கக் கல்வி உளவியலாளரும் அவர்ட ஆக்களும் 1956ல போட்ட கற்றல் நோக்கப் படிநிலையில அது ஆகக் கீழ்ப்படி. அதே விசயத்தை ஒரு சம்பவம் குடுத்து, "இதில எது பொருந்தும், ஏன்" எண்டு கேட்டுப் பாருங்க. பழைய கேள்வி அஞ்சை அப்படி மாத்தி எழுதி, அதைக் கொண்டு போய் மொடரேட்டரிட்டயே "இது சரியா?" எண்டு கேளுங்க. திருத்தின மனுசனுக்கு, தன்ட திருத்தத்தை ஒராள் எடுத்துக்கிட்டது தெரிஞ்சா சந்தோசம்தான் வரும்.

ஓய்வில் இருப்பவன்:

மகள், 1981இல் வந்தாறுமூலையில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமானபோது நாங்கள் இளைஞர்கள். பிறகு வேறோர் இடத்தில் விரிவுரையாளரானேன். அக்காலத்தில் "மென்டர்" என்ற சொல்லே எங்களிடம் இல்லை. ஐந்து பேர் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாளைய பாடத்தை ஒருவருக்கு ஒருவர் சொல்லிப் பார்ப்போம். மின்சாரம் இல்லாத நாட்களில் அதைத் தவிர வேறு வேலையும் இல்லை. இன்று வகுப்பு முடிய ஆளுக்கொரு பஸ்ஸைப் பிடித்துப் போய்விடுகிறீர்கள், அந்த வீடு உங்களுக்கு இல்லை.

உங்கள் சேரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அந்தக் கதிரையில் இருந்தவன். மூன்று பேருக்கு என்னைக் கடிதத்தில் வழிகாட்டியாகப் போட்டார்கள். மூவரும் "நல்லாப் போகுது சேர்" என்றார்கள். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. அதில் ஒருவர் மாஸ்டர்ஸ் முடிக்காமலே பதவியை விட்டுப் போனார். அவர் கஷ்டப்பட்டதை அவர் போன பிறகுதான் அறிந்தேன். இன்றும் மனதில் கிடக்கிறது.

ஆகவே "எப்படிப் படிப்பிப்பது?" என்ற பெரிய கேள்வியோடு போகாதீர்கள், அதற்கு எந்தச் சேரிடமும் பதில் இல்லை. ஒரு தாளோடு போங்கள். "சேர், இந்த ஒரு கேள்வியை இப்படி மாத்தினன், பத்து நிமிசம் பாருங்க" என்று சொல்லுங்கள். தாள் மேசையில் இருந்தால் இருவரும் தாளைத்தான் பார்ப்பீர்கள். நீங்கள் மாணவியாய் இருந்த கதை பின்னுக்குப் போய்விடும்.

அறிக்கை எழுதுபவரும் வழிகாட்டியும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பயம் இருக்கும் இடத்தில் உண்மை வராது. வேறு பீடத்தில் மூத்தவர் ஒருவரை நீங்களாகவே கேளுங்கள், அதற்குக் கடிதம் தேவையில்லை. பதவி நிரந்தரத்துக்கு வேண்டிய, புது விரிவுரையாளர்களுக்கான இன்டக்ஷன் பயிற்சியை நீங்கள் செய்யும்போது வேறு துறைக்காரர்கள் பக்கத்தில் இருப்பார்கள். அங்கே ஒருவரையாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

சம்மாந்துறை:

எனக்கு ரெண்டு சின்னப் பிள்ளைகள், அதால சுருக்கமா எழுதுறன். ஏழெட்டு மணித்தியால ஆயத்தத்தைக் குறைங்க. ராபர்ட் பாய்ஸ் எண்ட அமெரிக்க உளவியலாளர் புது விரிவுரையாளர்களை வருசக்கணக்காக் கவனிச்சவர். தடுமாறினவங்க கூடுதலா ஆயத்தம் செய்து, கொண்டு வந்ததையெல்லாம் அவசரமா வகுப்பில கொட்டினாங்க எண்டதும், நல்லா வந்தவங்க ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா எழுதினாங்க எண்டதும் அவர் கண்டது. நான் காலையில பிள்ளைகள் எழும்ப முதல் அரை மணித்தியாலம் என்ட ஆய்வை எழுதுறன். சனிக்கிழமை இன்னொரு லெக்சரரோட போனைக் காதில வைக்காம, வீடியோவை மட்டும் போட்டு ஒரு மணித்தியாலம் பேசாம எழுதுவம். ரெண்டு பேர்ட மாஸ்டர்ஸும் அப்படித்தான் முடிஞ்சுது. மாஸ்டர்ஸைத் தள்ளிப் போடாதீங்க. மூண்டு வருசத் தகுதிகாண் காலம் ஓடிப் போறது தெரியாது.

மூண்டு மொழி வகுப்புக்கு: ஒவ்வொரு பாடத்திலயும் பத்துச் சொல்லை எடுத்து, இங்கிலீஷ், சிங்களம், தமிழ் மூண்டிலயும் பிள்ளைகளையே பட்டியல் போடச் சொல்லுங்க. மாத்தறைப் பிள்ளையையும் வாழைச்சேனைப் பிள்ளையையும் ஒரே குழுவில போடுங்க. விளக்கம் எளிய இங்கிலீஷில, கரும்பலகையில படத்தோட. தமிழில சொல்லத்தான் வேணும் எண்டா அதே அளவு நேரம் ஒரு சிங்களப் பிள்ளையையும் எழும்பித் தன்ட ஆக்களுக்குச் சொல்ல விடுங்க.

இன்னொண்டு. இதுக்கு வட்ஸ்அப் குழு தொடங்காதீங்க. நம்மட ஊர் சின்னது, காலையில அனுப்பின ஸ்கிரீன்ஷொட் பின்னேரம் பீடாதிபதிட மேசையில இரிக்கும். முகத்துக்கு முகம் கதைங்க.

வாவிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஐயா, நீங்க எழுதினதை ரெண்டு தரம் வாசிச்சன். என்ட சேரும் ஒருவேளை நான் சொல்றதை நம்பிக்கிட்டு இரிக்கார் போல. அவரும் கவலைப்படக்கூடும் எண்டு நான் யோசிக்கவே இல்ல.

நேத்துக் கன்டீனில பக்கத்துத் துறைத் தோழியிட்ட சொன்னன். ஒலுவில் அண்ணன் சொன்ன மாதிரித்தான் தொடங்கினன்: "என்ட பேப்பர் சிவப்பா வந்துது." அவ கொஞ்ச நேரம் ஒண்டும் சொல்லல்ல. பிறகு "எனக்கு ரெண்டு தரம் வந்துது" எண்டா. வாற வியாழன் ரெண்டு மணி வகுப்பில அவ பின்வரிசையில வந்து இருக்கப் போறா. எல்லாத்தையும் பார்க்க வேணாம், நான் கேள்வி கேட்டுட்டு எத்தின செக்கன் பொறுத்து நிக்கிறன், யார் யாரைப் பார்த்துக் கேக்கிறன் எண்டு மட்டும் குறிக்கச் சொன்னன். எழுதின தாளை வகுப்பு முடிஞ்ச உடனே என்னட்டயே தந்திடுவா. அடுத்த கிழமை நான் அவட வகுப்புக்கு.

சேருக்குத் திங்கக்கிழமை. மாத்தி எழுதின ஒரு கேள்வி பைக்குள்ள இரிக்கு.