நேர்ந்துவிடுவதும் தேர்ந்து தெளிவதும்

குருமடத்துக்கோ துறவற சபைக்கோ போக விரும்பும் பிள்ளைகளும் பெற்றோரும் எதைப் பார்க்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்த ஐந்து பேர் சொல்கிறார்கள். அந்த வாழ்வுக்குக் கடவுள் கூப்பிடுவதைத்தான் ‘அழைத்தல்’ என்கிறார்கள்.

மறைமாவட்ட அழைத்தல் பணியில் இருக்கும் குரு:

பொதுத்தேர்வு முடிந்த கையோடு நடக்கும் அழைத்தல் முகாமில் ‘ஏன் வந்தாய்?’ என்று கேட்டால் பையன்கள் ஒரே பதிலை ஒப்பிப்பார்கள்: ‘மக்களுக்குச் சேவை செய்ய, ஃபாதர்.’ ‘வீட்டில் இந்தப் பேச்சை முதலில் எடுத்தது யார்?’ என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் வெளியே வரும். குழந்தை பிழைக்காது என்று டாக்டர் கைவிரித்த இரவில் ‘பிழைத்தால் இவனைக் குருவாக்குகிறேன்’ என்று அம்மா வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டிருப்பார். பதினேழு வயது வரை அந்தக் கதையைச் சொல்லியே பையனை வளர்த்திருப்பார்கள்.

இப்படி வருகிறவனை உடனே திருப்பி அனுப்பவும் கூடாது, அப்படியே சேர்த்துக்கொள்ளவும் கூடாது. முதலில் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும். திருச்சபைச் சட்டம் 1193-ஆம் எண் தெளிவாக இருக்கிறது: நேர்ச்சை அதைச் செய்தவரை மட்டுமே கட்டும். மகன் வாழ்க்கையை அம்மா நேர்ந்துவிட முடியாது. மனம் உறுத்தினால் அந்த நேர்ச்சையை வேறொரு நற்செயலாக மாற்றித் தரப் பங்குத்தந்தைக்கே அதிகாரம் இருக்கிறது. இவ்வளவும் பேசி முடித்து, வீட்டில் அழுத்தம் விலகிய பிறகும் பையன் தானாகவே திரும்ப வந்து நின்றால் மேற்கொண்டு பேசலாம்.

வீட்டைப் பார்க்காமல் யாரையும் சேர்ப்பது சரியில்லை. கட்டிலும் பீரோவும் நமக்கு வேண்டாம். அப்பாவோடு பையன் எப்படிப் பேசுகிறான், தங்கை கல்யாணம் யார் தலையில் இருக்கிறது, கடன் எவ்வளவு, இவைதான் பார்க்க வேண்டியவை. ஒரே மகன் என்பது சட்டப்படி தடையே இல்லை. ஆனால் அப்பா படுத்த படுக்கையாக இருக்கும்போது கிளம்பி வருகிறவன் மூன்றாம் ஆண்டில் குற்ற உணர்வோடு திரும்பிப் போவான். அவனிடம் ‘இரண்டு வருஷம் கழித்து வா’ என்று சொல்வது அவனுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.

சான்றிதழ்களில் நேரம் விழுங்குவது பெயர்தான். கோயில் புத்தகத்தில் ஒரு பெயர், பள்ளியில் இன்னொன்று, ஆதாரில் மூன்றாவது. ஞானஸ்நானச் சான்றைப் பழைய பெட்டியிலிருந்து எடுத்துவர வேண்டாம். பதிவேட்டின் ஓரக்குறிப்புகளோடு புதிதாக எழுதி வாங்குங்கள். உறுதிபூசுதல், திருமணம், துறவிகள் கடவுளுக்குத் தரும் வாக்குறுதியான நித்திய வார்த்தைப்பாடு எல்லாம் அந்த ஓரத்தில்தான் ஏறும். பள்ளிச் சான்றிதழில் மதம் ‘இந்து’ என்று இருப்பதைப் பார்த்ததும் பையனைச் சந்தேகிக்கிறவர்கள் உண்டு. 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவராகப் பதிந்தால் பட்டியல் சாதி உரிமை போய்விடும் என்பது நமக்குத் தெரியாததா? அந்தப் பாரத்தைப் பதினெட்டு வயதுப் பையன்மேல் ஏற்றக் கூடாது.

நவதுறவியருக்குப் பொறுப்பாக இருந்த அருள்சகோதரி:

ஃபாதர் சொன்ன நேர்ச்சைக் கதை பெண்பிள்ளைகளிடம் அவ்வளவாக இல்லை. இங்கே வருகிற சிக்கல் வேறு. மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்ததும் திடீரென்று சிலருக்குக் கான்வென்ட் ஞாபகம் வரும். ‘கல்யாணப் பேச்சை வீட்டில் ஒரு வருஷம் நிறுத்திவிட்டால் அப்போதும் வருவாயா?’ என்று கேட்கும்போது முகத்தைப் பார்த்தாலே போதும். அந்தப் பிள்ளைக்கு முதலில் தேவை பாதுகாப்பு. விடுதியோ வேலையோ ஏற்பாடு செய்து தர வேண்டும், லூக்கா நற்செய்தியை எடுத்து நீட்டக் கூடாது. டிகிரியையோ நர்சிங்கையோ முடித்துவிட்டு வரச் சொல்லும் சபைகளை நம்பலாம். ‘இந்த ஜூனிலேயே வா, இடம் போய்விடும்’ என்று அவசரப்படுத்தினால் தள்ளியே நில்லுங்கள்.

சபையைப் பற்றிப் பெற்றோர் கூச்சப்படாமல் கேட்க வேண்டும். உரோமை அங்கீகாரம் பெற்றதா, ஆயரின் அங்கீகாரம் மட்டுமா, அல்லது இன்னும் சபையாகவே ஆகாத குழுவா? பயிற்சி இல்லம் எந்த ஊரில், எந்த மொழியில்? வெளிநாட்டில் என்றால் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? பிள்ளை திரும்ப விரும்பினால் டிக்கெட் யார் எடுப்பார்கள்? சங்கடமில்லாமல் பதில் சொல்கிற மதர் இருக்கும் இடம் நல்ல இடம்.

படிகளும் காலமும் பலருக்குக் குழப்பம். ஆஸ்பிரன்ட், போஸ்டுலன்ட் என்னும் தொடக்கநிலைக் காலங்கள் சபைக்குச் சபை மாறும். அடுத்து வரும் நவதுறவுப் பயிற்சியான நொவிஷியேட்டுக்குச் சட்டம் அளவு வைத்திருக்கிறது: குறைந்தது 12 மாதம், அதிகபட்சம் 2 ஆண்டு, தேவைப்பட்டால் இன்னும் 6 மாதம் நீட்டலாம். 17 வயது நிரம்பாமல் நுழைந்தால் செல்லாது. அந்த 12 மாதத்தில் 15 நாளுக்கு மேல் வெளியே இருந்தால் ஈடுகட்ட வேண்டும். மொத்தம் 3 மாதம் தாண்டினால் நொவிஷியேட்டே செல்லாது. அப்பாவுக்கு ஆபரேஷன் என்று இருபது நாள் வீட்டில் தங்கிய நொவிஸின் வார்த்தைப்பாடு தள்ளிப்போவது அதனால்தான். தண்டனை என்று நினைத்து வீட்டார் சண்டைக்கு வர வேண்டாம்.

முதல் வார்த்தைப்பாட்டுக்கு 18 வயது, நித்திய வார்த்தைப்பாட்டுக்கு 21. இடையில் தற்காலிக வார்த்தைப்பாட்டில் குறைந்தது 3 ஆண்டு. 6 ஆண்டுக்குள் முடியாவிட்டால் 9 வரை நீட்டலாம். இந்த வருஷங்கள் ஏன் இத்தனை என்றால், பிள்ளை நம்மைப் பார்க்கவும் நாங்கள் பிள்ளையைப் பார்க்கவும்தான். உள்ளே வந்த நாளையே முடிவான நாளாக எண்ணிக்கொள்வதில்தான் பாதி வேதனை தொடங்குகிறது.

மறைக்கிற நோயை மட்டும் சொல்லிவிடுகிறேன். வலிப்பு மாத்திரையையோ மனநல மாத்திரையையோ தலையணைக்கு அடியில் வைத்துச் சாப்பிடும் பிள்ளைகள் உண்டு. நோய் இருப்பதால் மட்டும் யாரையும் அனுப்புவதில்லை. மாத்திரை தீர்ந்துபோய், கேட்கப் பயந்து நிறுத்திவிடுவார்கள், அங்கேதான் ஆபத்து.

தியானங்கள் வழிநடத்தும் இயேசு சபைக் குரு:

சிஸ்டர் வெளியிலிருந்து பார்ப்பதைச் சொன்னார். உள்ளே பார்க்கும் வழியையும் சேர்த்துக்கொள்வோம். 1521-இல் பம்ப்லோனாவில் குண்டடிபட்டுப் படுத்திருந்த, எங்கள் சபையைப் பின்னாளில் நிறுவிய இஞ்ஞாசியார் இரண்டு விதமான கனவு கண்டார். அரசவை வீரக் கனவும் இனித்தது, புனிதர்களைப் போல வாழும் கனவும் இனித்தது. கனவு கலைந்த பிறகு முன்னது வறட்சியை விட்டுச் சென்றது, பின்னது நிறைவை விட்டுச் சென்றது. எங்கள் முறை முழுவதும் அந்தப் ‘பிறகு’ என்ற சொல்லில் இருக்கிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இரவு பத்து நிமிடம். குருவாக வாழ்வதைக் கற்பனை செய்துவிட்டு, அப்போது தோன்றியதை எழுதாமல், ஒரு மணி நேரம் கழித்து மனம் எப்படி இருந்தது என்பதை எழுதுங்கள். அடுத்த நாள் மனைவி மக்களோடு வாழ்வதை அதே அக்கறையோடு கற்பனை செய்யுங்கள். இந்த இரண்டாவதை யாரும் ஒழுங்காகச் செய்வதில்லை! பாவம் போலத் தள்ளிவிடுகிறார்கள். நல்லதொன்றை நல்லது என்று உணராமல் அதைத் துறப்பதில் என்ன இருக்கிறது? மூன்று மாதம் எழுதி, ஒரே வழிகாட்டியிடம் மாதம் ஒருமுறை காட்டுங்கள். மூன்று பேரிடம் காட்டினால் பிடித்த பதில் கிடைக்கும்வரை சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

பைபிளைக் கண்ணை மூடித் திறந்து விரல் வைப்பது, சீட்டுக் குலுக்கிப் போடுவது, இவற்றை விட்டுவிடுங்கள். வறட்சிக் காலத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இஞ்ஞாசியாருடைய விதி. தியான வீட்டில் பாட்டும் கண்ணீருமாக இருக்கும் கடைசி இரவில் கையெழுத்துப் போட வைப்பதும் அதே அளவு தவறு என்பேன்; ஊருக்குப் போய், வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, அதன் பிறகும் ஆசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கல்லறைத் திருநாளன்று எழும் பயத்தை அழைத்தல் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. பயம் விரட்டும், அழைத்தல் இழுக்கும்.

திருச்சபைச் சட்டம் கற்பிப்பவர்:

சுருக்கமாக. பூவிருந்தவல்லியிலோ திருச்சியிலோ குருமடப் படிப்பு என்றால் மெய்யியல் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு குறைந்தபட்சம். 2016-இல் உரோமை வெளியிட்ட பயிற்சி நெறிப்படி அதற்கு முன் ஆயத்தக் காலம் 1 முதல் 2 ஆண்டு. குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டத்துக்கு 23 வயது, குருப்பட்டத்துக்கு 25, இரண்டுக்கும் நடுவே குறைந்தது 6 மாதம்.

பையன்களுக்குத் தெரியாத உரிமைகள் மூன்று. குருமட அதிபர் உங்களைப் பட்டத்துக்கு ஏற்பதா விலக்குவதா என்று முடிவெடுக்கும்போது ஆன்மீகத் தந்தையிடமோ பாவசங்கீர்த்தனம் கேட்டவரிடமோ கருத்துக் கேட்கவே கூடாது (எண் 240). அதனால் அவர்களிடம் உள்ளதை உள்ளபடி பேசலாம். உளவியல் சோதனைக்கு உங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். பட்டத்துக்கு முன் ‘என் விருப்பத்தோடுதான் பெறுகிறேன்’ என்று உங்கள் கைப்பட எழுதித் தர வேண்டும் (எண் 1036). அச்சடித்த தாளை நீட்டினால், எழுதியே தருகிறேன் என்று சொல்லுங்கள்.

கடமையும் ஒன்று. வேறு குருமடத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தால் மறைக்காதீர்கள். அங்கிருந்து கடிதம் வாங்காமல் புதிய இடத்தில் சேர்க்க முடியாது. சபைகளில் இன்னொரு தடை: அடைக்க முடியாத கடன் உள்ளவரை நொவிஷியேட்டில் சேர்க்கக் கூடாது (எண் 644). கல்விக் கடன் வைத்திருப்பவர்கள் தவணைக் கணக்கை வங்கியில் வாங்கிக் கையோடு கொண்டு வாருங்கள்.

கிராமப் பங்கில் உபதேசியார்:

எல்லோரும் போவதைப் பற்றியே சொன்னீர்கள். ஊரில் பிரச்சினை திரும்பி வரும்போதுதான். போகும்போது பந்தல், ஃப்ளெக்ஸ், பிரியாணி, சங்கிலி மோதிரம் எல்லாம் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். முதல் வருஷத்திலேயே இது நமக்கில்லை என்று பையன் தெரிந்துகொள்கிறான், ஆனால் அந்த ஃப்ளெக்ஸுக்குப் பயந்து இன்னும் நான்கு வருஷம் உள்ளேயே இருக்கிறான். வழியனுப்பு விழா வேண்டாம். ஞாயிறு பூசையில் ஒரு மன்றாட்டு போதும். ‘உடுப்பைக் கழற்றிட்டு வந்தவன்’ என்று பட்டப்பெயர் வைக்கிறவர்களைப் பங்குச் சாமியாரே பூசையில் கண்டிக்க வேண்டும். நொவிஸ் எப்போது வேண்டுமானாலும் வெளியே வரலாம் என்று சட்டமே சொல்கிறதாமே, ஃபாதர்?

அருள்சகோதரி:

ஆமாம் ஐயா, எண் 653. இன்னொன்றும் இருக்கிறது: எண் 702-படி வெளியே போகிறவர் செய்த வேலைக்குச் சம்பளம் கேட்க முடியாது, ஆனால் சபை அவரிடம் நியாயத்தோடும் அன்போடும் நடக்க வேண்டும். நடைமுறையில் இதற்கு என்ன பொருள் என்று பெற்றோர் முதல் நாளே மதரிடம் கேட்டு வைக்கலாம். எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்வது: மூலச் சான்றிதழ்களை ரசீது கொடுத்து வாங்குவோம், கேட்ட அன்றே திருப்பித் தருவோம். வீட்டுக்குப் போடுவதற்கு இரண்டு சுடிதார் அலமாரியில் எப்போதும் இருக்கும். துணைக்கு ஒரு சிஸ்டர் வீடுவரை போய், அப்பாவிடம் ‘உங்கள் பிள்ளை எந்தத் தப்பும் செய்யவில்லை’ என்று வாசலில் நின்று, பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி சொல்லிவிட்டு வருவார்.